எந்த நரம்பு?

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தை விட்டு எந்தப் பக்கம் நடந்தாலும் ஏதாவது ஒரு சுவரில் அந்த விளம்பரம் இருக்கும். நரம்புத் தளர்ச்சியா? கவலை வேண்டாம். கீழே மீசை வைத்த ஒரு வைத்தியர் படம், எந்தக் கிழமை எந்த லாட்ஜில் தங்குகிறார் என்ற விவரம். அது எந்தத் தளர்ச்சி என்று எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சுவருக்கு முன்னால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆம்பளைகள் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பார்கள். நானும் தள்ளி நின்றவன்தான்.

அப்படிப்பட்ட ஊரில் எனக்குக் காலில் நரம்பு வலி வந்தது. அதுவும் கல்யாணம் கூடி வருகிற நேரத்தில். சனியன் வந்தால் நேரம் பார்த்துத்தான் வரும்.

வலிக்கிற இடத்தைச் சொல்வதே பெரும்பாடாக இருந்தது. குதிகாலுக்குப் பேர் இருக்கிறது, கணுக்காலுக்கு இருக்கிறது, கெண்டைக்காலுக்கு இருக்கிறது. கால் விரல்களுக்குக் கொஞ்சம் பின்னால், நடக்கும்போது உடம்புப் பாரமெல்லாம் வந்து இறங்குகிற அந்த மேட்டுக்கு மட்டும் எங்கள் வீட்டில் யாருக்கும் பேர் தெரியவில்லை. குதிகாலா என்று அம்மா கேட்டாள். இல்லை, முன்னாடி என்றேன். விரலா என்றாள். இல்லை, அதற்குக் கொஞ்சம் பின்னாடி என்றேன். அம்மாவுக்கு அலுத்துவிட்டது. அப்படியென்றால் வலிக்கிற இடமே இல்லை என்று சொல் என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

முதலில் செருப்புக்குள் ஒரு கல் மாட்டிக்கொண்டதைப் போலத்தான் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. நாள் முழுக்க நின்றபடி, ஓடி வருகிற உதிரிபாகங்களைச் சோதித்துத் தள்ள வேண்டும். இரும்பு மூக்கு வைத்த பாதுகாப்பு ஷூ கட்டாயம். கல் உறுத்துகிறதே என்று ஷூவைக் கழற்றி உதறுவேன். ஒன்றும் விழாது. மறுபடி மாட்டினால் மறுபடி கல். சில வாரங்களில் அந்த இடம் எரியத் தொடங்கியது. நடு விரலுக்கும் அதற்கடுத்த விரலுக்கும் நடுவில் திடீரென்று கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. பிறகு அந்த இரண்டு விரலும் மரத்துப்போகும். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் ஷூவைக் கழற்றிவிட்டு, முன் சீட்டுக்கு அடியில் காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டே வருவேன். கழற்றிப் போட்டால் கொஞ்ச நேரத்தில் நிம்மதி. அதுதான் அந்த வலியின் குணம்.

கால் ஆணி என்று நினைத்து மருந்து வைத்த ஒட்டுத்துணி வாங்கி ஒட்டினேன். தோல் உரிந்ததுதான் மிச்சம். அம்மா செங்கல்லைச் சுட வைத்து எருக்க இலை போட்டு ஒத்தடம் கொடுத்தாள். அப்பா தறி நெய்கிறவர். நாளெல்லாம் வெறுங்காலால் தறி மிதிக்கிற தனக்கு வராத வலி, ஃபேன் காற்றில் நிற்கிறவனுக்கு எங்கிருந்து வந்தது என்று சிரித்தார்.

காரணம் எனக்குத் தெரியும், வெளியே சொல்லத்தான் வாயில்லை. அப்பாவின் கால் எனக்கு அப்படியே வந்திருக்கிறது. அகலமான கால். பள்ளிக்கூடத்தில் முறக்கால் என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். கம்பெனியில் ஷூ கொடுத்த அன்று, கொடுக்கிறவர் என் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்பதா பத்தா என்று சத்தமாகக் கேட்டார். வரிசையில் எனக்குப் பின்னால் பெண்கள் நின்றார்கள். எட்டு என்றேன். அந்த எட்டுக்குள் காலைத் திணித்துக்கொண்டுதான் இத்தனை காலம் நின்றிருக்கிறேன். நல்ல புத்தி.

இந்த நிலையில்தான் ஓரிக்கையில் பெண் பார்க்கப் போனோம். அதற்கு முன்னால் நிறைய வரன் வந்து தட்டிப்போயிருந்தது. பாதி அவர்கள் வேண்டாமென்றது, பாதி நாங்கள் வேண்டாமென்றது. தென்னேரியிலிருந்து ஒரு ஜாதகம் நன்றாகவே பொருந்தி வந்தது. பெண்ணுக்கு ஏதோ நரம்புக் கோளாறாம் என்று யாரோ அம்மா காதில் போட, அம்மா ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் சரி என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஓரிக்கைப் பெண் ஊருக்குள் ஒரு பெரிய பட்டுக்கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். அப்பா இல்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற தாய்மாமன்தான் வீட்டுக்குப் பெரியவர். அவர் சொன்னால்தான் எதுவும். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அவர்கள் வீட்டு டைல்ஸ் தரையில் இறங்கினேன். அய்யோ, அந்தத் தரை! வலது காலை முழுதாக ஊன்ற முடியாமல் மெல்ல மெல்ல எட்டு வைத்துப் போய் நாற்காலியைப் பிடித்தேன். உள்ளே இருந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு அடக்கமாக நடக்கிறார் பாருங்கள் என்று பேசிக்கொண்டார்களாம். தரகர் பிறகு சொன்னார்.

அவள் காபித் தட்டோடு வந்து நின்றாள். நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டு, வலது கால் விரல்களை மடக்குவதும் நீட்டுவதும் தரையில் தேய்ப்பதுமாக இருந்தாள். அம்மா பூரித்துப்போனாள். இந்தக் காலத்தில் கால் விரலால் கோலம் போடுகிற வெட்கம் யாருக்கு இருக்கிறது என்று திரும்பி வரும் வழியெல்லாம் அதையே சொன்னாள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். என்னைப் பார்த்து ஒருத்தி வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவளுக்கும் சம்மதம் என்று தகவல் வந்தது. போன் நம்பர் கைமாறியது. கடையில் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிடுவாள், கொஞ்சம்தான் பேசுவாள், ஆனால் சிரிப்பாள். மாமா ஒரு முறை எங்கள் பக்கம் வந்து விசாரித்துவிட்டால் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு. தாலி கட்டும்போது நொண்டக் கூடாதே என்றுதான் நான் எலும்பு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் அதிகம் பேசவில்லை. என் முன்பாதத்தை இரண்டு பக்கமும் பிடித்து, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி சேர்த்து அமுக்கினார். உள்ளே டிக்கென்று ஏதோ நகர்ந்தது. நான் கத்திய கத்தலில் வெளியே இருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். அவருக்குத் திருப்தியாக இருந்தது. கால் விரல் எலும்புகளுக்கு நடுவில் ஒரு நரம்பு ஓடுகிறதாம். இறுக்கமான ஷூ போட்டு எலும்புகள் நெருங்க நெருங்க, நடுவில் மாட்டிய நரம்பு நசுங்கித் தடித்துவிட்டதாம். சுகர் இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, அதெல்லாம் இல்லை என்றார். முன்பக்கம் அகலமான மெத்துச் செருப்பு போட வேண்டும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. வலிக்கிற மேட்டுக்கு நேர் கீழே இல்லாமல், அதற்குச் சற்றுப் பின்னால் ஒரு சின்ன மெத்தை வைத்தால் எலும்புகள் விலகி நரம்புக்கு மூச்சு கிடைக்கும். ஐஸ் ஒத்தடம். எரிச்சலுக்கு மாத்திரை. அடங்காவிட்டால் ஊசி. அதற்கும் கேட்காவிட்டால் அந்தத் துண்டு நரம்பை எடுத்துவிடலாம், ஆனால் பெரும்பாலும் அதுவரை போகாது என்றார்.

எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார். பொதுவாக இது பெண்களுக்குத்தான் அதிகம் வரும், கூர் மூக்குச் செருப்புப் போடுகிறவர்களுக்கு. எனக்கு முகம் சுண்டிவிட்டது. அகலக்கால்தான் கேவலம் என்று நினைத்திருந்தேன். அதன்மேல் பொம்பளை வலி வேறு. இதற்கு நரம்பு என்பதைத் தவிர வேறு பேர் இல்லையா டாக்டர் என்று கேட்டேன். அவர் ஒரு நீளமான இங்கிலீஷ் பேர் சொன்னார். அதைக் கொண்டுபோய் எங்கள் தெருவில் யாரிடம் சொல்ல?

மருந்துக்கடை எங்கள் தெரு முனையில். அங்கே போனதுதான் தப்பு. கடைக்காரர் மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டபடி, நரம்புக்குத்தானே தம்பி, ராத்திரி சாப்பிட்டதுக்கு அப்புறம் ஒண்ணு போட்டுக்கோ என்றார். சாதாரணமாகச் சொன்னாலே எதிர்ச் சாரிக்குக் கேட்கிற குரல் அவருக்கு. பக்கத்தில் டீக்கடை அண்ணன் தலைவலித் தைலத்துக்கு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், கவரைப் பார்த்தார், சட்டென்று வேறெங்கோ பார்த்தார். கால் நரம்புண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் எந்தக் கால், ஏன் நொண்டுகிறாய், சுகரா என்று கேள்வி வரும். கவரைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பெண்ணின் மாமா விசாரிக்க வந்தபோது நேராக அந்த டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். எந்த மாமாவும் அப்படித்தான் செய்வார். டீக்கடை அண்ணன் நல்ல மனுஷன். நடந்ததை அவரே என்னிடம் வந்து சொன்னார்.

"உன்னைப் பத்தி நல்லவிதமாத்தான் சொன்னேன் தம்பி. தங்கமான பையன், குடி இல்ல, பீடி இல்லன்னு. நரம்பு விஷயத்தையும் மறைக்கல. மாத்திரை சாப்புட்டுக்கினுதான் இருக்கறான், சரியாப் பூடும்னு சொல்லி வச்சேன். ஒரு பொண்ணோட பாவம் நமக்கு வேணாம்பா."

அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மாமா அங்கிருந்து எங்கள் வீட்டுக்கும் வந்திருந்தார். அப்போது நான் உள் அறையில் இருந்தேன். டாக்டர் சொன்னபடி வீட்டுக்குள்ளேயே அகலச் செருப்பு, மடியில் ஐஸ் கட்டிய துண்டு. தறியும் சாமி படமும் இருக்கிற வீட்டில் செருப்புக் காலோடு சம்பந்தக்காரர் முன்னால் எப்படிப் போய் நிற்பது? கதவுக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாமா சுற்றி வளைத்து, தம்பிக்கு உடம்பு ஏதோ சொன்னார்களே என்று கேட்டார். அப்பாவுக்குச் சூது வாது தெரியாது. தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் மாதிரி நேராகத்தான் பேசுவார்.

"ஆமாண்ணே, நரம்புல வீக்கமாம். கொஞ்ச நேரம் நிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது. ஊசி போடலாம்னு டாக்டரு சொல்லிக்கினு இருக்காரு. அதுக்கும் கேக்கலன்னா அறுத்து எடுத்துடணுமாம்."

மாமா டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அடுத்தது நாற்காலி நகர்கிற சத்தம். நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நொண்டிக்கொண்டு ஓடினேன். அதற்குள் அவர் வாசலைத் தாண்டியிருந்தார். மாமா, அது வந்து, என்று ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்து, ஒன்றும் கவலைப்படாதீர்கள் தம்பி, இந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் வைத்தியம் இருக்கிறது என்றார். அவர் குரலில் இருந்த இரக்கத்தைக் கேட்டுப் பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. கால் என்கிற ஒற்றைச் சொல் அப்போதும் வாயிலிருந்து வரவில்லை.

தரகர் போனை எடுப்பதை நிறுத்தினார். அவளும் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நான் என்ன சொல்வது? ஒரு பெண்ணிடம் எப்படி அந்தப் பேச்சை எடுப்பது? ஷிஃப்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். பஸ் நிலையத்தில் அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் மீசைக்கார வைத்தியர் என்னையே பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது.

கடைசியில் அவளேதான் கூப்பிட்டாள். கடையின் பின்பக்கம் நின்று பேசுகிறாள் போல, புடவைப் பெட்டிகளை இழுக்கிற சத்தம் கேட்டது. நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"மாமா ஏதோ சொல்றாரு. வேற இடம் பாக்கலாம்ன்றாரு. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எந்த நரம்பு?"

கேட்டுவிட்டாள். எங்கள் வீட்டிலோ தெருவிலோ ஆம்பளை பொம்பளை ஒருத்தரும் கேட்காத கேள்வி. கால் என்றேன். கால் நரம்பு. சத்தியமாகக் கால்தான். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. பிறகு காலில் எங்கே என்று கேட்டாள். சொன்னேன். எரிகிறதா, கல் மாதிரி உறுத்துகிறதா, விரல் மரத்துப்போகிறதா, செருப்பைக் கழற்றினால் குறைகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். டாக்டர் என்ன சொன்னார், அந்த மெத்தையைச் சரியாக எந்த இடத்தில் வைக்க வேண்டும், செருப்பு எந்த மாதிரி, ஊசி வலிக்குமா, வேலையை விடச் சொன்னாரா என்றெல்லாம் கேட்டாள். இடைவேளை முடிந்து யாரோ அவளைக் கூப்பிடுகிற வரைக்கும் கேட்டாள்.

எனக்கு ஆகாயத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது. தாலி கட்டுவதற்கு முன்னாலேயே என் காலுக்காக இவ்வளவு கவலைப்படுகிற ஒருத்தி! பஸ்ஸில் பக்கத்து சீட்டு நண்பனிடம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

அவள் வீட்டில் என்ன சொன்னாளோ, மாமா மறுபடி வந்தார். வந்தவருக்கு அரைகுறை நம்பிக்கைதான். காலில் போய் நரம்பு வீங்குமா என்று இழுத்தார். வேறு வழி தெரியாமல், அவர் எதிரில் இருந்த ஸ்டூலின் மேல் என் வலது காலைத் தூக்கி நீட்டினேன். அம்மா பதறிப்போனாள். பெரியவர்கள் முன்னால் காலை நீட்டிப் படுத்ததுகூட இல்லை நான். இப்போது சம்பந்தக்காரர் மூக்குக்கு நேராக, இத்தனை வருஷம் ஒளித்து வைத்த அந்த முறக்காலை நீட்டிக்கொண்டிருந்தேன். எங்கே அமுக்க வேண்டும் என்றும் சொன்னேன். மாமா யோசித்துவிட்டு, டிக்கெட் கிழித்துக் காய்த்த விரல்களால் இரண்டு பக்கமும் பிடித்து அமுக்கினார். பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தறி என் சத்தத்தில் நின்றது.

மாமா கையை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா மாமாவைப் பார்த்தார். மாமாவின் மீசைதான் முதலில் துடித்தது. பிறகு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அப்பாவுக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. அடப்பாவி, நான் காலைப் பத்தித்தான்டா பேசினேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் நிச்சயமாயிற்று.

அடுத்த மாதங்களில் வலி மெல்ல இறங்கியது. கம்பெனியில் போய் ஒன்பதுக்கும் மேலே, பத்து கேட்டு வாங்கினேன். கேட்கும்போது வியர்த்தது, ஆனால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊசி ஒன்று தேவைப்பட்டது. கல்யாணத்தன்று மண்டபத்துக் கருங்கல் தரையில் வெறுங்காலோடு நின்றபோது கல் உறுத்தல் இல்லை. அந்தப் பெருமையில் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தாலி கட்டி முடிந்தது. அம்மி மிதிக்கிற சடங்கு. மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் வலது காலைத் தூக்கி அம்மியின் மேல் வைத்து, மெட்டி போட்டுவிட வேண்டும். நான் குனிந்ததும் கூட்டத்தில் கேலி கிளம்பியது. இப்பவே காலைப் பிடிச்சுட்டாரு, இனிமே தினமும் இதான் என்று யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது. மாமாதான் எல்லோருக்கும் மேலே சத்தமாகச் சிரித்தார்.

நான் அவள் முன்பாதத்தை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினேன். மஞ்சள் பூசிய கால் வழுக்கியது. நழுவாமல் இருக்கக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். என் விரல்களுக்கு நடுவில் டிக்கென்று ஏதோ நகர்ந்தது.

அவள் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்தாள், அவ்வளவுதான். அந்த மூச்சு எனக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்தேன். மாலைக்கு மேலே உதட்டைக் கடித்துக்கொண்டு, போட்டோக்காரரைப் பார்த்துச் சிரிக்க முயன்றுகொண்டிருந்தாள். அவள் கால் விரல்கள் மடங்கி மடங்கி நீண்டன. ஓரிக்கை வீட்டு டைல்ஸ் தரையில் நான் பார்த்த அதே கோலம்.

எத்தனை நாளாக என்று மெதுவாகக் கேட்டேன். மேளச் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி குனிந்து சொன்னாள்.

"உங்களுக்கு முன்னாடியே. கடையில குடுக்கற கூர் மூக்கு கட் ஷூவைப் போட்டுக்கினு நாள் முழுக்க நிக்கணும் இல்ல."

ஏன் சொல்லவில்லை என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"நரம்புன்னு கேட்டதும் உங்க வூட்டுக்கு மாமா ரெண்டு வாட்டி வந்தாரு. எனக்குன்னு கேட்டிருந்தா, எங்க வூட்டுக்கு நீங்க வந்திருப்பீங்களா?"

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. விலை கேட்டதற்கு விலை சொல்கிற குரலில் சொன்னாள். பெண்ணுக்கு நரம்பு என்றால் எங்கள் பக்கம் வலிப்பு, இல்லாவிட்டால் பைத்தியம். எனக்குத் தென்னேரி ஜாதகம் ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணுக்கும் எந்த நரம்போ. போனில் அவள் கேட்ட கேள்விகளும் ஒவ்வொன்றாக வந்தன, மெத்தையை எங்கே வைப்பது, வேலையை விடச் சொன்னாரா. எனக்காகக் கேட்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன், உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று திருப்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாலி கட்டின கையோடு அந்தக் காலைப் பிடித்தபடி, தலையைத் தூக்க முடியாமல் குனிந்திருந்தேன். மெட்டி மாட்டத் தெரியாமல் திணறுகிறேன் என்று நினைத்து மறுபடி சிரித்தார்கள்.

அம்மியின் மேல் காலை நன்றாக அழுத்தி வைக்கச் சொன்னார் ஐயர். நான் அழுத்தவில்லை. என் உள்ளங்கையைக் கல்லின் மேல் விரித்து, அதன்மேல் அவள் காலை வைத்தேன். சடங்கு அப்படி இல்லை தம்பி, கையை எடு என்றார். எடுக்கவில்லை.